சேலத்தில் கடல் தொட்டி: விளக்குக்கு முன்னால் வாங்க வேண்டியவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் பவளத் தொட்டி, அதாவது உயிருள்ள பவளமும் மீனும் வளர்க்கும் உப்பு நீர்த் தொட்டி, வைப்பது பற்றித் தங்கள் வார இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் கண்ணைப் பறித்தன. ஆனால், தொட்டியை மேம்படுத்த நினைப்பவர் முதலில் நல்ல எல்.இ.டி. விளக்கும், அடுத்துப் பெரிய ஸ்கிம்மரும் (நீரின் கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி), பிறகு தொட்டியைக் கண்காணிக்க, செல்பேசியில் இயங்கும் கன்ட்ரோலரும் வாங்க வேண்டும் என்று அதில் சொல்லியிருந்த வரிசை சேலத்துக்குச் சரிவராது. நாள் முழுக்க ஏ.சி. ஓடும் வீட்டுக்கு அது பொருந்தலாம். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தொடும் ஊர் இது. போர் தண்ணீர் கொதித்த பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் போகும் கரன்ட் மாலையில்தான் வரும். இங்கே அந்த வரிசையில் பணத்தைப் போட்டால், விலை உயர்ந்த விளக்கின் கீழே வெளுத்துச் செத்த பவளத்தைத்தான் பார்க்க முடியும்.

எதை முதலில் வாங்குவது என்று தெரிய, ஒவ்வொரு கருவியையும் பற்றி ஒன்றைக் கேட்டால் போதும்: இது நின்றுபோனால் எவ்வளவு நேரத்தில் உயிர் போகும்? தண்ணீர் ஓட்டம் நின்றால் சில மணி நேரம். சூடு 31 டிகிரியைத் தாண்டினால் ஓரிரு நாள். விளக்கு எரியாவிட்டால் மூன்று நாள்கூடப் பவளம் தாங்கும். ஆகவே தண்ணீர், சூடு, கரன்ட் ஆகிய மூன்றுக்கும் வழி செய்த பிறகுதான் மற்றவை.

கணக்குக்காக ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கல்லும் மணலும் அடைக்கும் இடம் போக, கீழே இருக்கும் சம்ப் என்ற துணைத் தொட்டியையும் சேர்த்தால் ஏறக்குறைய 200 லிட்டர் நீர். நம்மூர் வீடுகளில் கூடத்து மூலையில் அடங்குவது பெரும்பாலும் இந்த அளவுதான்.

தண்ணீரில் தொடங்குகிறேன். போர் தண்ணீர் எப்படியும் உப்புக் கரிக்கிறதே, அதிலேயே கடல் உப்பைக் கலந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அதில் இருப்பது கடலின் உப்பு அல்ல. கால்சியம், மெக்னீசியக் கடினத்தோடு நைட்ரேட்டும் சிலிக்கேட்டும் சேர்ந்து வரும். இந்த ஊர் வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கம் இருக்கும் ஊர் என்பதை நினைத்துப் பார்த்தால் மெக்னீசியம் எங்கிருந்து வருகிறது என்பது புரியும். நைட்ரேட் பச்சைப் பாசியை வளர்க்கும். சிலிக்கேட் மணல்மேல் பழுப்புப் படலத்தை விரிக்கும். துடைத்தால் மறுநாளே திரும்ப வந்து உட்காரும்.

சமையலறை ஆர்.ஓ. இயந்திரமும் உதவாது. குடிக்கச் சுவை வேண்டும் என்பதற்காக அதில் டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) கன்ட்ரோலர் என்று ஒரு திருகு வைத்து, வடிகட்டிய நீரில் கொஞ்சம் வடிகட்டாத நீரைக் கலந்துவிடுகிறார்கள். அதற்கு மேல் மினரல் கார்ட்ரிட்ஜ். இப்போது பல மாடல்களில் தாமிரம் சேர்க்கும் கார்ட்ரிட்ஜ் வேறு. மனிதருக்கு நல்லது என்று விற்கிற அந்தத் தாமிரம் மிகச் சிறிய அளவிலேயே இறால், நத்தை, பவளம் எல்லாவற்றையும் கொன்றுவிடும். கல்லிலும் மணலிலும் ஏறிவிட்டால் எளிதில் போகாது. தொட்டி வைத்த சில வாரங்களில் நத்தைகள் வரிசையாகச் சாகின்றன என்றால், மீன் கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் சமையலறையில் இருக்கும் இயந்திரத்தைத் திறந்து பாருங்கள்.

தேவையானது டி.ஐ. ரெசின் (ஆர்.ஓ. விட்டுவைக்கும் மிச்ச உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் மணிகள்) சேர்த்த ஆர்.ஓ. இதை இறக்குமதிப் பெட்டியாக வாங்க வேண்டியதில்லை. ஆர்.ஓ. சர்வீஸ் செய்யும் கடைகளில் கிடைக்கும் உதிரிப் பாகங்களே போதும்: 5 மைக்ரான் செடிமென்ட் ஃபில்டர், கார்பன் ஃபில்டர், 75 ஜி.பி.டி. (நாளுக்கு 75 காலன்) மெம்பிரேன் என்ற சவ்வு, 24 வோல்ட் பூஸ்டர் பம்ப். டி.டி.எஸ். கன்ட்ரோலரும் மினரலும் புறஊதா விளக்கும் வேண்டாம் என்று சொல்லிக் கழற்றச் சொல்லுங்கள். டி.ஐ. ரெசினும் அதற்கான கூடும் மட்டும் வரவழைக்க வேண்டியிருக்கும். பூஸ்டர் பம்ப் ஏன் என்றால், மொட்டைமாடித் தொட்டியிலிருந்து ஒரு மாடி இறங்கி வரும் நீரில் 5 பி.எஸ்.ஐ. அழுத்தம்கூடத் தேறாது, மெம்பிரேன் ஒழுங்காக வேலை செய்ய 60 பி.எஸ்.ஐ. வேண்டும். அழுத்தம் குறைந்தால் கழிவு நீர் கூடும், வரும் நீரின் தரமும் கெடும்.

ரெசின் எவ்வளவு நாள் வரும் என்பது எந்தத் தண்ணீரை உள்ளே விடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மெம்பிரேன் 95 சதவீதத்தை வடிகட்டுகிறது என்று வையுங்கள். டி.டி.எஸ். 1000 உள்ள போர் தண்ணீரை விட்டால் ரெசினுக்கு 50 போகும். 200 உள்ள மேட்டூர் காவிரி நீரை விட்டால் 10 மட்டுமே. அதாவது ரெசின் ஐந்து மடங்கு நாள் உழைக்கும். குழாயில் நல்ல தண்ணீர் வருகிற நாளில் 50 லிட்டர் வடிகட்டி எடுத்து உணவுத்தர கேனில் மூடி வைத்துவிடுங்கள். இயந்திரத்தை ஓட விட்டதும் முதல் ஐந்து நிமிடம் மெம்பிரேனிலிருந்து வரும் நீரில் டி.டி.எஸ். எப்போதும் கூடுதலாக இருக்கும். அதை ரெசினுக்கு விடாமல் வாளியில் பிடித்துத் துணி துவைக்கப் பயன்படுத்தலாம். கடைசியில் மீட்டரில் 0 காட்ட வேண்டும். ரெசின் தீரும்போது முதலில் நழுவுவது சிலிக்கேட். மீட்டர் 0 காட்டிக்கொண்டிருக்கும்போதே அது வர ஆரம்பித்துவிடும். ஆகவே மணலில் பழுப்புப் படலம் மறுபடி தெரிந்தால் மீட்டரை நம்பாமல் ரெசினை மாற்றுங்கள்.

இந்த நீரில் லிட்டருக்கு 36 முதல் 38 கிராம் மரைன் சால்ட் கலந்தால் 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) வரும். உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் ஆர்.ஓ. நீரில் 0-வுக்குத் திருகி வைப்பதோடு விட்டுவிடுகிறார்கள். 0-வில் சரியாகக் காட்டும் கருவி 35-ல் இரண்டு, மூன்று தள்ளிக் காட்டக்கூடும். 35 பி.பி.டி. சோதனைத் திரவம் ஒரு சிறு புட்டி வாங்கி அதில் சரிபார்ப்பதுதான் முறை. தொட்டிக்கு வாங்கும் பொருள்களிலேயே போட்ட காசுக்கு அதிகப் பலன் தருவது அந்தப் புட்டிதான் என்பது என் கருத்து.

அடுத்தது சூடு. பவளத் தொட்டி 25 முதல் 27 டிகிரியில் இருப்பது நல்லது. 28 வரை பரவாயில்லை. மே மாதத்தில் ஃபேர்லாண்ட்ஸ் அடுக்குமாடியின் மேல்தளத்தில் இரவு பத்து மணிக்கும் அறை 34 டிகிரி இருக்கும். நீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரம்தான் வழி என்று உடனே ஓட வேண்டாம். முதலில் தொட்டிக்குள் நாமே ஏற்றுகிற சூட்டைக் குறைக்க வேண்டும். நீரில் மூழ்கி ஓடும் பழைய ஏ.சி. (மாறுமின்னோட்ட) பம்ப் 60 வாட் இழுக்கும். அதே வேலையை டி.சி. (நேர்மின்னோட்ட) பம்ப் 25 வாட்டில் செய்யும். வித்தியாசம் 35 வாட் என்றால், ஒரு நாளில் 0.84 யூனிட். 200 லிட்டர் நீரை மூன்றரை டிகிரி உயர்த்தப் போதுமான வெப்பம் அது. கரன்ட் பில்லுக்காக மாற்றுவதாக நினைத்துச் செய்யும் இந்த மாற்றம் உண்மையில் முதல் குளிர்விப்பு.

இரண்டாவது, மின்விசிறி. சென்னையிலோ கடலூரிலோ காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் விசிறியால் பெரிய பலன் இல்லை. சேலத்தின் கோடை மதியக் காற்று உலர்ந்தது. நீர் வேகமாக ஆவியாகும். ஒரு லிட்டர் ஆவியாகும்போது அது எடுத்துப்போகும் வெப்பம் முழுவதும் தொட்டி நீரிலிருந்தே வந்தால், 200 லிட்டர் ஏறக்குறைய 3 டிகிரி குளிரும். வெளிச் சூடு திரும்ப உள்ளே வந்துகொண்டே இருப்பதால் நடைமுறையில் நாளுக்கு 4, 5 லிட்டர் ஆவியாகி, நீர் 2, 3 டிகிரி தணியும். சம்ப்பின் மேல் ஒன்று, தொட்டியின் மேல் ஒன்று என்று 12 வோல்ட் விசிறிகள் இரண்டைச் சாய்வாக வைத்து, வெப்பநிலை கன்ட்ரோலரில் இணைத்து 27 டிகிரியில் ஓடச் செய்யுங்கள். கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு மீன் குதிக்காதபடி வலை போட வேண்டும். மூடி இருந்தால் விசிறி வைத்தும் பயன் இல்லை. கன்ட்ரோலரின் சென்சாரை விசிறிக் காற்று படும் இடத்தில் தொங்கவிடாமல் நீருக்குள் முழுதாக வையுங்கள்.

கீழ்த்தளத்தில், வெயில் படாத சுவரோரம் வைத்த தொட்டிக்கு இவ்வளவே போதும். மேல்தளத்துக்கு சில்லர் வேண்டும். பெட்டியில் எழுதியிருக்கும் லிட்டர் கணக்கு குளிர்ந்த அறைக்குப் போட்ட கணக்கு. 36 டிகிரி அறையில் 1/10 குதிரைத்திறன் சில்லர் நிற்காமல் ஓடி ஒரே கோடையில் கம்ப்ரஸர் போய்விடும்; இந்தத் தொட்டிக்கு 1/4 எடுத்து, அது கொஞ்ச நேரம் ஓடி நடுவே நன்றாக ஓய்வதே நல்லது. 200 வாட் இழுக்கும் சில்லர் நாளுக்கு 10 மணி நேரம் ஓடினால் 2 யூனிட். இரண்டு மாத பில்லில் 120. யூனிட் கூடக் கூட விலைப்படியும் ஏறும் என்பதால் இந்த 120, பில்லின் கடைசிப் படியில்தான் விழும். விசிறியையும் உடன் வைத்து சில்லரை 27.5-க்குத் திருப்பினால் ஓடும் நேரம் நன்றாகக் குறையும். 25-க்கு வைத்துப் பெருமைப்பட ஒன்றும் இல்லை. பவளத்துக்கு எண்ணைவிட நிலைத்தன்மை முக்கியம். பகலுக்கும் இரவுக்கும் ஒரு டிகிரிக்கு மேல் ஆடாமல் இருந்தால் சரி. சில்லரைத் தொட்டியின் அடிப் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அது வெளியே தள்ளும் சூட்டைத் தானே திரும்ப இழுத்து, இருக்கிற சூட்டையும் கூட்டும். பால்கனியிலோ சன்னலோரத்திலோ வைத்துக் குழாயை இழுப்பதுதான் முறை.

பழைய வாட்டர் கூலரின் காயிலைக் கொண்டு வீட்டிலேயே சில்லர் செய்வது எப்படி என்று கேட்பவர்கள் அதிகம். அந்தக் காயில் தாமிரம். கடல் நீர் அதை அரித்து நேராகத் தொட்டிக்குக் கொண்டுவரும். டைட்டானியம் காயில் இல்லாத எதிலும் கடல் நீரை ஓட விடாதீர்கள்.

ஏற்காட்டில் கணக்கே தலைகீழ். சேர்வராயன் மலையில் 1500 மீட்டர் உயரத்தில் சில்லருக்கு வேலை இல்லை, ஹீட்டர்தான் வேண்டும். மார்கழியில் அறை 15 டிகிரிக்கு இறங்கும் வீட்டில் 300 வாட் ஹீட்டர் ஒன்றைப் போடுவதைவிட 150 வாட் இரண்டைப் போடுங்கள். ஹீட்டர் கெடும்போது பெரும்பாலும் அணையாமல் எரிந்தபடியே மாட்டிக்கொள்ளும். 300 வாட் மாட்டிக்கொண்டால் விடிவதற்குள் மீன் வெந்துவிடும். 150 மாட்டிக்கொண்டால் நீங்கள் கவனிக்க நேரம் கிடைக்கும். இரண்டையும் தனி வெப்பநிலை கன்ட்ரோலர் வழியாக ஓட்டுங்கள். பின்பக்கமும் இரு பக்கங்களும் ஒரு அங்குல தெர்மாகோல் ஒட்டினால் பில் பாதியாகக் குறைந்தாலும் ஆச்சரியமில்லை. மலையில் பலர் மறப்பது ஆக்சிஜன். அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் நீரில் கரையும் ஆக்சிஜன், கீழே சேலத்தில் அதே வெப்பநிலையில் கரைவதைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு. மீன் எண்ணிக்கையை அதற்கேற்பக் குறைத்து, வேவ்மேக்கர் (தொட்டிக்குள் அலையெழுப்பும் பம்ப்) ஒன்றை நீரின் மேற்பரப்பு நன்றாகக் கலங்கும்படி மேல்நோக்கித் திருப்பி வையுங்கள்.

கரன்ட் போனால் பவளத்துக்கு முன்னால் மீன்தான் சாகும், அதுவும் மூச்சு முட்டி. 26 டிகிரியில் கடல் நீர் லிட்டருக்கு 6.6 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும்; சூடு ஏற ஏற அதுவும் குறையும். ஓட்டம் நின்றதும் மேற்பரப்பிலிருந்து புதிய ஆக்சிஜன் இறங்காது. உள்ளே இருப்பதை மீனும் கல்லில் இருக்கும் பாக்டீரியாவும் பங்கு போட்டுத் தீர்த்துவிடும். வீட்டு இன்வெர்ட்டரிலேயே இதற்கு வழி உண்டு. ரிட்டர்ன் பம்ப் (சம்ப்பிலிருந்து தொட்டிக்கு நீரேற்றுவது) 25 வாட், வேவ்மேக்கர் இரண்டும் சேர்த்து 20, விசிறிகள் 10 என்று எல்லாம் சேர்ந்து 60 வாட்டுக்குள் அடங்கும். 150 ஏ.எச். பேட்டரியில் பாதியை மட்டும் பயன்படுத்தினால்கூட, இன்வெர்ட்டர் இழப்பு போக 12 மணி நேரம் தாராளமாக ஓடும். வீட்டு ஃபேன்களையும் அதே பேட்டரியில் ஓட்டினால் அதற்கேற்பக் குறையும். சில்லர், ஹீட்டர், ஸ்கிம்மர், விளக்கு எதையும் இந்த லைனில் கொடுக்கக் கூடாது. இன்வெர்ட்டர் ஸ்க்வேர் வேவ் என்றால் ஏ.சி. பம்ப் உறுமும், சூடேறும், சில மாதங்களில் எரியும். சைன் வேவ் வாங்க வசதி இல்லாதவர்கள் பம்ப்பை டி.சி.க்கு மாற்றிக்கொள்வது நல்லது. மே மாதத்தில் நாள் முழுக்க கரன்ட் இல்லை என்றால், ஃப்ரீசரில் உறையவைத்த ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை மூடியோடு சம்ப்பில் மிதக்கவிடுங்கள். ஒரு பாட்டில் இந்தத் தொட்டியை அரை டிகிரி இறக்கும். ஒரே நேரத்தில் நான்கைப் போட்டு அதிர்ச்சி தர வேண்டாம்.

பம்ப் நின்றால் இன்னொன்றும் நடக்கும். மேல்தொட்டியின் நீர் ரிட்டர்ன் குழாய் வழியாகப் பின்னோக்கி சம்ப்புக்கு இறங்கும். குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 5 சென்டிமீட்டர் கீழே இருந்தால் இந்த அளவுத் தொட்டியில் ஏறக்குறைய 21 லிட்டர் இறங்கிவிடும். சம்ப்பில் அவ்வளவு காலி இடம் இல்லாவிட்டால் கூடமெல்லாம் உப்பு நீர்தான். நீர்மட்டத்தை ஒட்டிக் குழாயில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டால் காற்று புகுந்து சைஃபன், அதாவது நீர் தானாக இறங்கும் இழுப்பு, அறுந்துவிடும். அந்தத் துளையை உப்பும் பாசியும் அடைக்கும்; மாதம் ஒருமுறை பல்குத்தும் குச்சியால் குத்திவிட வேண்டும். புதிய பம்ப் வாங்கி மாட்டிய அன்றே, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மெயின் சுவிட்சை அணைத்து, சம்ப் எவ்வளவு நிரம்புகிறது என்று பார்த்து, அந்த மட்டத்துக்கு மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

பம்ப் வாங்கும்போது பெட்டியில் இருக்கும் லிட்டர் கணக்கைப் பாதியாகக் கருதுங்கள். 2 மீட்டர் உயரம் ஏற்றும், மணிக்கு 2000 லிட்டர் என்று எழுதியிருக்கும் பம்ப், சம்ப்பிலிருந்து 4 அடி ஏறி வளைவுகளைக் கடந்து தொட்டிக்குக் கொண்டுவருவது ஆயிரத்துக்கும் குறைவு. இந்தத் தொட்டிக்கு அது போதும். 20 மில்லிமீட்டருக்குப் பதில் 25 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாய் போட்டால் அதே பம்ப் இன்னும் கொஞ்சம் தரும். பவளத்துக்குத் தேவையான வேகமான ஓட்டத்தை ரிட்டர்ன் பம்ப்பிடம் எதிர்பார்க்காமல் வேவ்மேக்கரிடம் விட வேண்டும்: மொத்த நீரைப் போல் மணிக்கு 20 முதல் 30 மடங்கு, எதிரெதிரே இரண்டாகப் பிரித்து.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது பம்ப்போ ஸ்கிம்மரோ வாங்கிவருவது இப்போது சாதாரணம். 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் ஏ.சி. மோட்டாரை ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டு இங்கே ஓட்டினால் வோல்டேஜ் மாறும், ஹெர்ட்ஸ் மாறாது. நம் 50 ஹெர்ட்ஸில் மோட்டார் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். ஸ்கிம்மரில் நுரை கழுத்துவரை ஏறாமல் பாதியிலேயே உடைவதற்குக் காரணம் தேடி அலைவீர்கள். 100 முதல் 240 வோல்ட் அடாப்டரோடு வரும் டி.சி. பொருள் என்றால் தாராளமாகக் கொண்டுவரச் சொல்லலாம்.

ஆவியாகும் நீரை ஈடுகட்டும் ஏ.டி.ஓ. கருவியை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். விசிறி ஓடும் சேலத்துத் தொட்டியில் நாளுக்கு 5 லிட்டர் போகிறது. ஒரு வாரம் வெளியூர் போய்த் திரும்பினால் 35 லிட்டர் குறைந்து, 35 பி.பி.டி. உப்பு 42-ஐத் தாண்டியிருக்கும். உப்பு ஆவியாவதில்லை, ஆகவே ஈடு செய்ய வேண்டியது வெறும் டி.ஐ. நீரால் மட்டும். ஏ.டி.ஓ.வில் பார்க்க வேண்டியது பிராண்டை அல்ல, அது எப்படிக் கெடும் என்பதை. மலிவான மிதவை சுவிட்சைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள்: தண்டில் உப்பு வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்கும், மிதவைக்கும் தண்டுக்கும் நடுவே விரல்நகம் அளவு நத்தை ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். மிதவை மேலே வராது, பம்ப் நிற்காது. ஆப்டிகல் சென்சாரும், அதற்கு மேலே காவலாக ஒரு மிதவையும், குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் ஓடினால் தானே நிற்கும் டைமரும் உள்ளதாக வாங்குங்கள். அதையும் முழுதாக நம்பாமல் நீர்க் கேனைச் சிறிதாக வையுங்கள். 10 லிட்டர் கேன் முழுவதும் தவறிக் கொட்டினால் உப்பு 35-லிருந்து 33.3-க்கு இறங்கும், எல்லாம் பிழைக்கும். 50 லிட்டர் கேன் கொட்டினால் 28. அதோடு கதை முடிந்தது. வாரக்கணக்கில் ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் சொல்லிவைத்து இரண்டு நாளுக்கு ஒருமுறை கேனை நிரப்பச் சொல்வதே நல்லது.

விளக்குக்கு வருகிறேன். எந்தப் பவளம் என்பதைப் பொறுத்துத்தான் விளக்கு; இங்கே சட்டமும் சேர்ந்துகொள்கிறது. பாறையாக வளரும் கடின பவளங்கள் அனைத்தும், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை முதலியவையும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் சேர்க்கப்பட்டவை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பகுதி 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கிருந்து வந்தது என்று யாராவது ரகசியமாகக் காட்டும் பவளத்தையோ பவளப் பாறையையோ வாங்குவது குற்றம். செத்த துண்டாக இருந்தாலும் குற்றம்தான். வெளிநாட்டில் வளர்த்தது என்று சொன்னால் இறக்குமதித் தாளைக் கேளுங்கள், காட்டாவிட்டால் நகர்ந்துவிடுங்கள். கல்லுக்கு, செயற்கையாகச் சுட்டுச் செய்த பீங்கான் கல் கிடைக்கிறது. பாக்டீரியா நிலைகொள்ள ஆறு வாரம் கூடுதலாகும், அவ்வளவுதான். க்ளவுன் மீனை மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் ஆராய்ச்சி நிலையங்கள் குஞ்சு பொரிக்கச் செய்து காட்டிவிட்டன. பண்ணைக் குஞ்சைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

அப்படியானால் மிஞ்சுவது மஷ்ரூம், ஸோவாந்தஸ், லெதர் கோரல் போன்ற மென்பவளங்கள். இவற்றுக்கு வேண்டிய ஒளி, பார் (ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியின் அளவு) கணக்கில் 50 முதல் 150. கட்டுரையில் சொன்ன விளக்கு 300-க்கு மேல் தருவது, கடின பவளத்துக்கானது. அதை வாங்கி 30 சதவீதத்தில் ஓட்டுவதற்குப் பதில், நீலமும் வெள்ளையும் தனித்தனியாகக் குறைக்கக்கூடிய நடுத்தர விளக்கு போதும். மிச்சப் பணத்தில் முன்சொன்ன ஆர்.ஓ.வும் விசிறியும் ஏ.டி.ஓ.வும் வந்துவிடும். எந்த விளக்காக இருந்தாலும் மாற்றிய அன்றே முழு வெளிச்சம் வைக்காதீர்கள். பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசி பழகுவதற்கு முன் வெளிச்சம் ஏறினால் பவளம் அதை வெளியே தள்ளிவிட்டு வெளுக்கும். 40 சதவீதத்தில் தொடங்கி வாரம் 10 சதவீதம் கூட்டி, நாளுக்கு 8 மணி நேரத்தோடு நிறுத்துங்கள். வெப்பத்தை வெளியேற்றும் அதன் சின்ன விசிறியில் உப்பு படியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரஷ்ஷால் தட்டாவிட்டால் விசிறி நின்று எல்.இ.டி. கருகும்.

ஸோவாந்தஸ் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சில வகைகளில் பாலிடாக்ஸின் என்ற கடும் நஞ்சு உண்டு. கல்லை நகர்த்தும்போது கையுறையும் கண்ணாடியும் அவசியம். அது ஒட்டிய கல்லைக் கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்யவே கூடாது; ஆவியே ஆபத்து.

ஸ்கிம்மரைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. மொத்த நீரைப் போல் ஒன்றரை மடங்குக்கு, அதாவது 300 லிட்டருக்கு என்று எழுதியதை வாங்கினால் போதும். தேவைக்கு மேல் பெரியதை மாட்டினால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் 0-வுக்கு இறங்கி, ஸோவாந்தஸ் சுருங்கி, சளி போன்ற பழுப்புப் பாசி நூல் நூலாகத் தொங்கும். நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பி.பி.எம். இருப்பதுதான் ஆரோக்கியம். புது ஸ்கிம்மர் முதல் இரண்டு வாரம் தாறுமாறாக நுரைக்கும். திருகிக்கொண்டே இருக்காமல் விட்டுவிடுங்கள். சம்ப்பில் அது நிற்கும் அறையின் நீர்மட்டம் மாறாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவும்தான் ஏ.டி.ஓ.வை முன்னால் வைத்தேன்.

கால்சியமும் காரத்தன்மையும் குறையாமல் தானே சேர்க்கும் டோசிங் பம்ப், கால்சியம் ரியாக்டர் இரண்டையும் மென்பவளத் தொட்டிக்கு விற்பவர் தேவைக்காக விற்கவில்லை. வாரம் 20 லிட்டர் மாற்றினாலே கால்சியமும் காரத்தன்மையும் ஈடாகிவிடும். சோதித்துப் பார்த்துக் காரத்தன்மை 7 டி.கே.எச்.-க்குக் கீழே போனால் மட்டும், கடையில் விற்கும் ஆப்பச் சோடா 6 கிராம் எடுத்து டி.ஐ. நீரில் கரைத்து மெதுவாக ஊற்றுங்கள். 200 லிட்டரில் 1 டி.கே.எச். கூடும். ஒரு நாளில் அதற்கு மேல் கூட்ட வேண்டாம். பேக்கிங் பவுடர் வேறு பொருள். அதில் அமிலமும் மாவும் கலந்திருக்கும். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றலாமா என்ற கேள்வியும் வருகிறது. அதில் வாசனையும் வேறு கலப்பும் இருக்கும், வேண்டவே வேண்டாம்.

செல்பேசியில் இயங்கும் கன்ட்ரோலர், வெளியூரில் இருக்கும்போது தொட்டி சூடாகிறது என்று செய்தி அனுப்பும். வீட்டில் ஆள் இல்லாவிட்டால் அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதே பணத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரன்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்றை எலக்ட்ரீஷியனை அழைத்துத் தொட்டி லைனில் மாட்டிவிடுங்கள். உப்பு நீரும் 230 வோல்ட்டும் பக்கத்தில் இருக்கும் இடம் இது. ஹீட்டர் கண்ணாடி விரிசல் விட்டால் கை வைக்கிறவர் உயிருக்கே ஆபத்து. சில்லருக்குத் தனியாக மூன்று நிமிடத் தாமதம் உள்ள ஸ்டெபிலைசர் வேண்டும்; கரன்ட் வந்து வந்து போகும் மாலைகளில் கம்ப்ரஸரைக் காப்பாற்றுவது அதுதான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தொட்டிக்கு அடியில் போடாமல் பக்கச் சுவரில் உயரமாக மாட்டுங்கள். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி ஏறினால், வழியும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும். அந்த அறையில் கொசுவத்திச் சுருளோ திரவக் கொசு விரட்டியோ வேண்டாம். ஏர் பம்ப் அதை இழுத்து நீரில் கலக்கும், இறால்கள்தான் முதலில் போகும்.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்று, அடுத்ததற்கு இரண்டு மூன்று வாரம் இடைவெளி. ஸ்கிம்மரையும் விளக்கையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை மாற்றிவிட்டுப் பவளம் சுருங்கினால், எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது.

செகண்ட் ஹேண்டில் வாங்க நினைப்பவர்களுக்கு: டி.சி. பம்ப், வேவ்மேக்கர், ஸ்கிம்மர் மூன்றையும் தாராளமாக வாங்கலாம்; சிட்ரிக் அமிலக் கரைசலில் ஓர் இரவு ஓடவிட்டால் படிந்த சுண்ணாம்பு கரைந்து புதிது போல் ஆகும். சில்லரைக் காயில் டைட்டானியமா என்று உறுதிசெய்து, அரை மணி நேரம் ஓடவிட்டுக் குளிர்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பழைய ஹீட்டர், மெம்பிரேன், ரெசின் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். தொட்டியையே வாங்குவதானால், முன்னால் அதில் மீன் நோய்க்குத் தாமிர மருந்து போட்டார்களா என்று கேளுங்கள். போட்டிருந்தால் தாமிரம் அதில் தங்கியிருக்கக்கூடும். அதை மீனுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், பவளத்துக்கு ஆகாது.

இப்படிக்கு,
கன்னங்குறிச்சி வாசகர்,
சேலம்.